வேங்கடத்து எல்லையில் மேடையும் திரையும்

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் மொகிலிக் கணவாயைக் கடந்து மேலேறினால், மேட்டு நிலத்தின் குளிர்ந்த காற்றோடு நம்மை வரவேற்கும் ஊர் பலமனேர். தெற்கே மலைச்சாலையில் இறங்கினால் குடியாத்தம், அது தமிழ்நாடு. மேற்கே சென்றால் முளுபாகல், அது கருநாடகம். ஊரோ ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. 1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இவ்வட்டம் வடார்க்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. சிலம்புச் செல்வர் ம.பொ.சி. முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தில் இணைந்தது. திருப்பதியும் சித்தூரும் பலமனேரும் ஆந்திரத்திலேயே நின்றன.

எல்லைக் கோடுகள் இவ்வாறு மாறிவந்த காலமெல்லாம் இம்மண்ணின் மக்கள் இரவு நேரங்களில் கூத்தும் நாடகமும், பின்னர்த் திரைப்படமும் கண்டு வந்தனர். அக்கலைகள் மாநில எல்லையைப் பொருட்படுத்தவில்லை. தமிழ்க் கூத்தும், தெலுங்குப் பத்ய நாடகமும், கன்னடக் கம்பெனி நாடகமும் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் மண் இது.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. புராணப் படம், வரலாற்றுப் படம், சமூகப் படம் என்னும் வகைகளுள் எது உயர்ந்தது? பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்? இவ்வினாவுக்கு விடை காண, அவ்வகைகள் பிறந்த மேடையை முதலில் நோக்குதல் வேண்டும். வேங்கடத்து எல்லை அதற்கு ஏற்ற இடம்.

கூத்துக் களம் தரும் அளவுகோல்

சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் தருமராஜர் கோயில் என்றும் திரௌபதி அம்மன் கோயில் என்றும் வழங்கும் கோயில்கள் உள்ளன. அங்கே நிகழும் பாரத விழாவில் பகலில் பாரதக் கதை சொல்லப்படும். இரவில் கூத்து நிகழும். அருச்சுனன் தவம் செய்ய உயர்ந்த மரத்தின்மேல் ஏறுவான். துரியோதனனின் பேருருவம் மண்ணால் கிடத்தப்பட்டுப் படுகளம் நடைபெறும். இறுதியில் தீ மிதித்தல். சில ஊர்களில் கூத்து தமிழில் நடக்கும்; சில ஊர்களில் தெலுங்கில் வீதி நாடகமாக நடக்கும். அவையோரோ பெரும்பாலும் இருமொழியும் அறிந்தவர்.

இக்கூத்தைக் காண்போர்க்குக் கதை முன்பே தெரியும். கர்ணன் மாள்வான் என்பதை அறியாத குழந்தைகூட அவ்வவையில் இராது. அப்படியிருந்தும் விடியுமட்டும் அவர்களை இருத்துவது எது? ஒன்று, பேச்சு. வேடக்காரரின் விருத்தமும் வசனமும், கட்டியக்காரனின் ஊர்ப்பேச்சும் மாறிமாறி வந்து செவியை விழிப்போடு வைத்திருக்கின்றன. மற்றொன்று, அவையோரின் கற்பனைக்கு விடப்படும் இடம். ஒரு முறை களத்தைச் சுற்றி ஆடினால் காடு கடந்ததாகும். இருவர் பிடித்த துணியின் பின்னிருந்து வெளிப்பட்டால் அரண்மனை வாயில் திறந்ததாகும். மிகுதியைக் காண்பவர் தம் மனத்தால் நிரப்பிக் கொள்வர்.

பேச்சின் உயிர், காண்பவருக்கு விடப்படும் இடம் ஆகிய இவ்விரண்டையுமே இக்கட்டுரை அளவுகோலாகக் கொள்கிறது.

ஒரு மேடையின் இரு கிளைகள்

1891-ஆம் ஆண்டு பெல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அச்சபையின் ஆசிரியர் தர்மவரம் இராமகிருஷ்ணமாசார்யுலு. ஆந்திர நாடகப் பிதாமகர் என்று போற்றப்படுபவர். அந்நாடகத்தைக் கண்டோருள் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். தமிழ் நாடகத்தை அதுவரை இழிவாக எண்ணியிருந்த அவ்விளைஞர், கற்றவர் மேடையேறி நடிக்கும் சிறப்பைக் கண்டு மனம் மாறி, அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர்தாம் பின்னாளில் 'மனோகரா' முதலிய நாடகங்களை யாத்த பம்மல் சம்பந்த முதலியார். தமிழில் புதிய நாடக இயக்கம் ஒன்றைத் தூண்டிவிட்டது தெலுங்கு நாடகம் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

அதே தர்மவரத்தாரின் பிரகலாத நாடகமே, சுரபி நாடகக் குழுவினர் நடித்த வடிவில், தெலுங்கின் முதல் பேசும்படமாகிய 'பக்த பிரகலாதா' ஆயிற்று. அது 1932-இல் வெளிவந்தது. அதனை இயக்கிய எச்.எம். ரெட்டியே 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படத்தையும் இயக்கியவர். அப்படத்தில் நாடக நடிகை டி.பி. இராஜலட்சுமி தமிழில் பேச, கதைத்தலைவன் தெலுங்கில் விடையளித்தான். அன்றைய திறனாய்வாளர்க்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் பலமனேர்ச் சந்தையில் ஒருவர் தமிழில் விலை கேட்பதும் மற்றவர் தெலுங்கில் விடை சொல்வதும் அன்றாட நிகழ்ச்சி. அவ்வூரார்க்கு அப்படம் இயல்பானதொன்றாகவே தோன்றியிருக்கும்.

சித்தூரின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய கலைஞர் வி. நாகையா. அவர் பிறந்தது குண்டூர்ச் சீமையின் ரேபல்லெ. எனினும் சித்தூர் இராம விலாச சபையின் நாடக மேடை அவருக்குச் 'சித்தூர் நாகையா' என்னும் பெயரைத் தந்தது. தெலுங்கில் 'பக்த போதனா', 'தியாகய்யா', 'யோகி வேமனா' என்னும் படங்களில் அருளாளராக வாழ்ந்து காட்டியவர், தமிழில் 1941-இல் வந்த 'அசோக்குமா'ரில் அசோகனாகவும், 1945-இல் வந்த 'மீரா'வில் அரசராகவும் நடித்தார். 1965-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1973 டிசம்பரில் மறைந்தார். பக்திப் படம் என்னும் வகைக்கு அவர் செய்த தொண்டு யாது எனின், அடியாரை வியப்புக்குரிய பிறவியாகக் காட்டாது, குடும்பத்தில் உழலும் எளிய மனிதராகக் காட்டியதே எனலாம்.

நால்வகைப் படங்கள்

தெலுங்கர் தம் படங்களைப் பௌராணிகம், ஜானபதம், சாரித்திரகம், சாங்கிகம் என நான்காகப் பகுப்பர். நாம் புராணம், நாட்டுக் கதை, வரலாறு, சமூகம் என்போம். இந்நான்கும் மேடையிலேயே பிறந்தவை.

புராண வகையின் ஆற்றலுக்கு 'மாயாபஜார்' சான்று. 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் கே.வி. ரெட்டி இயக்கிய இப்படம், மேடையில் நெடுங்காலம் நடிக்கப்பட்ட அபிமன்யுவின் திருமணக் கதையையே கொண்டது. வியாசர் பாரதத்தில் இல்லாத இக்கதையை மக்களே வளர்த்தனர். பாண்டவர் குடும்பத்துக் கதையாக இருந்தும் பாண்டவர் ஐவரும் இப்படத்தில் தோன்றுவதில்லை. அவர்களை அவையோர் தம் மனத்தில் வைத்துக்கொண்டே படம் காண்கின்றனர். காண்பவர்க்கு இடம் விடுதல் என்று நாம் கூறிய பண்பு இதுவே.

நாட்டுக் கதை வகைக்கு 1951-இல் வந்த 'பாதாள பைரவி' முன்னோடி. 2015-இலும் 2017-இலும் வந்த 'பாகுபலி' அதன் வழித்தோன்றல். கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் சிற்றூரில் 1885-இல் தோன்றிய சுரபி நாடகக் குடும்பத்தார், 'மாயாபஜார்', 'பாதாள பைரவி' ஆகிய நாடகங்களைத் தலைமுறை தலைமுறையாக மேடையேற்றி வருகின்றனர். தமிழில் நவாப் இராஜமாணிக்கமும் ஆர்.எஸ். மனோகரும் மேடைத் தந்திரக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றவர்கள். மேடையில் கயிற்றால் ஒருவன் பறக்கும்போது, கயிறு உண்டு என்பதை அறிந்தும் நாம் கைதட்டுகிறோம். அங்கே வியப்பும் அன்பும் கலந்திருக்கின்றன. 'பாகுபலி'யின் பேரருவியும் படைத்திரளும் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் மனம் சேர்த்துக்கொள்ள ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை. வியப்பை அளிப்பதில் வென்ற இவ்வகை, பேச்சில் மெலிந்துவிட்டது என்பதே நம் மதிப்பீடு.

வரலாற்றுப் படத்தின் தனிச்சிறப்பு பேச்சு. சிவாஜி நாடக மன்றத்தார் மேடையில் நடித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-இல் படமாகியது. சக்தி கிருஷ்ணசாமியின் வசனங்களைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து முழங்கினர். தமிழ் எழுத்தே அறியாத பிள்ளையும் ஒரு பக்கத் தமிழைப் பிழையின்றிப் பேச அப்படம் வழிசெய்தது.

அதன் பின்னணியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கட்டபொம்மனின் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த மரபினர். அவன் வரலாற்றை எழுதித் தமிழரிடையே பரப்பிய ம.பொ.சி.யோ சித்தூரும் திருப்பதியும் தமிழகத்துக்கு வேண்டும் என்று போராடியவர். படத்தை இயக்கிய பி.ஆர். பந்துலு, பலமனேருக்கு மேற்கே அமைந்த கோலார் மாவட்டத்தில் பிறந்து, கன்னட நாடக மேடையில் பயின்றவர். 'கப்பலோட்டிய தமிழ'னையும் (1961) 'கர்ண'னையும் (1964) தமிழுக்கு அளித்தவரும் அவரே. 'கித்தூர் சென்னம்மா'வைக் கன்னடத்துக்கு அளித்தவரும் அவரே. 'கர்ண'னில் கண்ணனாகத் தோன்றியவர் தெலுங்கு நடிகர் என்.டி. ராமாராவ். தமிழரின் பெருமிதத்துக்கு உருவம் தந்த படங்களில் இத்தனை மொழியினரின் உழைப்பு கலந்துள்ளது. இதனை மறந்து வரலாற்றுப் படத்தை ஒருவரையொருவர் பழிக்கும் கருவியாக்குவோர், அப்படத்தைச் செய்தவர்களின் வரலாற்றையே அறியாதவர் ஆவர்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை மேஜிக் லாண்டர்ன் குழுவினர் 1999-இல் சென்னையில் நாடகமாக்கினர். 2014-இல் அது மீண்டும் மேடையேறியது. நாடக வடிவம் தந்த இ. குமரவேல், பின்னர் மணிரத்னம் 2022-இலும் 2023-இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட படத்தின் திரைக்கதையிலும் பங்கு கொண்டார். ஐந்து பாகங்களை ஓர் இரவுக்குள் அடக்க முயன்ற நாடகம் உரையாடலையே நம்பி நிற்க வேண்டியதாயிற்று. வந்தியத்தேவனின் குறும்பும் நந்தினியின் நஞ்சும் சொல்லாகவே வெளிப்பட்டன. படத்துக்குக் கடலும் கோட்டையும் கிட்டின. ஆயினும் முகங்களின் அமைதி பல இடங்களில் சொல்லை விழுங்கிவிட்டது. காட்சியழகில் படம் விஞ்சியது. தமிழைச் செவியில் நிறுத்துவதில் நாடகமே முந்தியது என்று கூறுதல் தகும்.

சமூக வகைக்கு மூன்று மொழிகளையும் இணைக்கும் சான்று 'இரத்தக் கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா மேடையில் முழங்கிய இந்நாடகம் 1954-இல் படமாயிற்று. தெலுங்கில் நாகபூஷணம் அதனை நாடகமாக ஊர் ஊராக நடத்தி, 'ரக்த கன்னீரு நாகபூஷணம்' என்றே பெயர் பெற்றார். 2003-இல் அது கன்னடப் படமாகவும் வந்தது. அயல்நாட்டு மோகத்தாலும் செருக்காலும் குடும்பத்தைச் சிதைத்தவன் நோயால் அழிவதை மூன்று மொழியினரும் தம் வீட்டுக் கதையாகவே கண்டனர்.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980-இல் நாடகமாகி, 1981-இல் கே. பாலசந்தரின் படமாயிற்று. குடிநீரின்றித் தவிக்கும் ஒரு சிற்றூரின் கதை அது. மேடையில் வறட்சியைச் சொல்லால் மட்டுமே காட்ட முடியும். திரையிலோ வெடித்த நிலமே பேசியது. இங்கே படம் நாடகத்தைத் தாழ்த்தவில்லை. அதற்குத் துணை நின்றது. மழை பொய்க்கும் இராயலசீமையின் ஓரத்தில் வாழ்வோர்க்கு இதைவிட நெருங்கிய சமூகக் கதை வேறில்லை.

சமூக வகைக்கு நேர்ந்த இழப்பையும் கூறுதல் வேண்டும். 2021-இல் வெளிவந்த 'புஷ்பா' சேஷாசல மலைக்காட்டில் நிகழும் செம்மரக் கடத்தலைக் கதையாகக் கொண்டது. தமிழ்ச் சாயல் படிந்த சித்தூர்த் தெலுங்கு வழக்கு அதில் கதைத்தலைவனின் வாயில் முழுமையாக ஒலித்தது. நகரத்தார் நகைத்த ஒரு வழக்குக்குக் கிட்டிய பெருமை அது, அவ்வகையில் பாராட்டுவோம். ஆனால் அக்கதை கடத்தற்காரனையே வீரனாக்கியது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அதே மலைக்காட்டில், மரம் வெட்டச் சென்ற தமிழகக் கூலித் தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கோடரி ஏந்தியவனை அக்காட்டுக்கு அனுப்பியது எத்தகைய வறுமை என்று கேட்பதே சமூக நாடகத்தின் கடமை. இரு மொழியும் அறிந்த எல்லைப்புற எழுத்தாளர்க்கே அதற்கு முதல் உரிமை உண்டு.

கண்ணப்பர் கதை கற்பிப்பது

வகை எதுவாயினும் தகுதி எதில் தங்கியுள்ளது என்பதைத் தெளிவாக்கும் கதை, இம்மண்ணுக்கே உரிய கண்ணப்பர் கதை. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் பிறந்த வேடர் திண்ணன், பொன்முகலி ஆற்றங்கரைக் காளத்தி மலையில் இறைவனைக் கண்டு, வாயில் கொணர்ந்த நீரால் நீராட்டி, ஊனைப் படைத்து, தம் கண்ணையே பெயர்த்து அப்பிய வரலாற்றைச் சேக்கிழார் பாடினார். நக்கீரதேவ நாயனாரும் கல்லாடதேவ நாயனாரும் அதனைத் திருமறமாகப் பாடினர். கிருஷ்ணதேவராயர் காலத்துத் தெலுங்குப் புலவர் தூர்ஜடி தம் காளத்தி மகிமை நூலில் அதனைப் போற்றினார்.

கன்னட மேடையில் நாடகமாக விளங்கிய இக்கதை, 1954-இல் 'பேடர கண்ணப்பா' என்னும் படமாயிற்று. குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் வளர்ந்த ராஜ்குமார் அதில் முதன்முறையாகக் கதைத்தலைவரானார். அவ்வாண்டே அது தெலுங்கில் 'காளஹஸ்தி மகாத்மியம்' ஆயிற்று; ராஜ்குமார் நடித்த ஒரே தெலுங்குப் படம் அது. 1976-இல் பாப்பு இயக்கத்தில் கிருஷ்ணம்ராஜு நடித்த 'பக்த கண்ணப்பா' வந்தது. 2025-இல் விஷ்ணு மஞ்சு நடித்த 'கண்ணப்பா' வந்தது.

இம்மூன்று காலங்களையும் ஒப்பு நோக்குவோம். 1954-இன் படம் மேடையிலிருந்து இறங்கி வந்தது. வேடனின் அறியாமையும் அன்பும் நடிகரின் முகத்திலும் பாட்டிலும் தங்கியிருந்தன. 1976-இன் படம் ஓவியரான இயக்குநரின் கண்ணால் காட்டையும் வேட்டுவ வாழ்வையும் வண்ணத்தில் தீட்டியது. 2025-இன் படம் பெரும் பொருட்செலவில், பல மொழிப் புகழ்பெற்ற நடிகர்களுடன், பெரும்பகுதி நியூசிலாந்து நாட்டில் படமாக்கப்பட்டது. காளத்தி மலை தன் இடத்திலேயே நிற்க, அயல்நாட்டு மலை அதற்காக வேடம் பூண்டது. இறுதிக் காட்சியில் கண்ணைப் பெயர்க்கும் இடம் இப்படத்திலும் நெஞ்சை உருக்குகிறது. அதுவரை வரும் போர்களும் பகைகளுமே நம்மைக் களைப்படையச் செய்கின்றன. இக்கதைக்கு வேண்டியவை ஒரு வில், ஒரு வாய் நீர், ஒரு கண். தீட்டுக் கண்டு நடுங்கும் சிவகோசரியாரும், தீட்டென்பதே அறியாத திண்ணனும் எதிரெதிரே நின்றால் நாடகம் தானே பிறக்கும். அதனைப் பெருக்கப் பெருக்க அது சிறுத்துப் போகிறது.

ஆகவே, எவ்வகைப் படம் உயர்ந்தது என்னும் வினாவுக்கு விடை இதுவாகும்: வகையால் உயர்வு தாழ்வு இல்லை. மேடையிடம் பெற்ற பேச்சையும், காண்பவர்க்கு இடம் விடும் பண்பையும் காத்த படம் எவ்வகையினதாயினும் நிற்கும். 'மாயாபஜா'ரும் 'தண்ணீர் தண்ணீ'ரும் வகையால் வேறாயினும் இப்பண்பால் ஓரினத்தவை.

நம் குடும்பங்கட்கு ஒரு வேண்டுகோள்

பலமனேர்ப் பகுதித் தமிழ் வீடுகளில் தாய் தமிழில் அழைக்க, பிள்ளை தமிழில் விடை சொல்லும். ஆனால் பள்ளியில் எழுதுவது தெலுங்கு அல்லது ஆங்கிலம். பெங்களூரிலும் மும்பையிலும் கடல் கடந்த நாடுகளிலும் குடியேறிய குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இப்பிள்ளைகளுக்குத் தமிழ் செவி வழியாகவே வருகிறது. திரைப்படம் அச்செவிக்கு உணவளிக்கிறது. அதனை வெறுத்து ஒதுக்குதல் தகாது. ஆனால் படம் பிள்ளையைக் கேட்க வைக்கிறதே தவிரப் பேச வைப்பதில்லை. நாடகத்தில் நடிக்கும் பிள்ளையோ ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லி, பொருள் கேட்டு, ழகர ளகர வேறுபாட்டை நாவில் பழக வேண்டும்.

சங்க ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் திரைப்பாடலுக்கு ஆடுவது இன்று பெருவழக்கு. அதனோடு அரை மணி நேர நாடகம் ஒன்றும் ஆண்டுதோறும் இடம்பெறுதல் வேண்டும். காஞ்சிபுரத்தில் பி. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நிறுவிய கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் 2020 வரை ஆண் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. பிள்ளைகளால் கூத்துப் பயில இயலும் என்பதற்கு அது சான்று.

முதல் நாடகமாகக் கண்ணப்பர் கதையையே எடுத்துக்கொள்ளலாம். திண்ணன், அவன் தோழர் நாணன், காடன், தந்தை நாகன், தாய் தத்தை, பூசை செய்யும் சிவகோசரியார் என ஆறு பேர் போதும். காட்சித் திரை வேண்டா. ஒரு விளக்கும் ஒரு வில்லும் இருந்தால் போதும். வசனத்தைத் தாய்மார் எழுதலாம். தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்குப் பாட்டன் பாட்டியர் வாய்மொழியாகச் சொல்லிக் கொடுக்கலாம். அண்டை வீட்டுத் தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளையும் அவையில் அமர்த்துங்கள். கதை அவர்களுக்கும் முன்பே தெரியும். தமிழில் அதைக் கேட்பதுதான் அவர்களுக்குப் புதிதாயிருக்கும்.